ஐந்து வருடமா, மூன்றும் மூன்றுமா? வணிகவியலோடு சட்டம் படிக்க நினைக்கும் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

"அத்தை, பி.காம். எல்.எல்.பி.ன்னு அஞ்சு வருசப் படிப்பு இருக்காமே, அதுல சேர்றதா, இல்ல இங்கயே பி.காம். முடிச்சிட்டு அப்புறமா சட்டம் படிக்கிறதா?"

அண்ணன் மகள் இதைக் கேட்டது மே மாதத்தில், தங்கச்சிமடத்து வீட்டு வாசலில். தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் அண்ணன் வீட்டில் இருந்தார், கையில் காசு இல்லை, பேச மட்டும் நேரம் நிறைய இருந்தது. நான் ராமநாதபுரத்தில் பி.காம்., மதுரையில் மூன்று வருட எல்.எல்.பி. என்று படித்தவள். இப்போது ராமநாதபுரத்தில் வக்கீல், வாரத்தில் ஒரு நாளாவது உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு பஸ் ஏறுவேன். அதனால் கேள்வி என்னிடம் வந்தது. மண்டபம், தேவிபட்டினம் என்று வருடா வருடம் யாராவது இதே கேள்வியோடு வருகிறார்கள், பெரும்பாலும் ரொம்பத் தாமதமாக. அதனால்தான் அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தாமதம் என்றேனே, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் இருக்கிற தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் பி.காம். எல்.எல்.பி. ஆனர்ஸ் இருக்கிறது. அதில் சேர கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வு இப்போதெல்லாம் டிசம்பரில் நடக்கிறது, அதாவது பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே. நம் ஊரில் மே மாதம் ரிசல்ட் வந்த பிறகுதான் "என்ன படிக்கலாம்" என்று பேச்சு ஆரம்பிக்கும். அதற்குள் அந்தக் கதவு மூடி ஐந்து மாதம் ஆகியிருக்கும். என் மருமகள் இப்போதுதான் பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள் என்பதால் அவளுக்கு நேரம் இருக்கிறது. ஏற்கனவே பிளஸ் டூ முடித்துவிட்டவர்கள் ஒரு வருடம் காத்திருக்க முடியாது என்றால் கிளாட்டை விட்டுவிட்டு மற்ற வழிகளைப் பாருங்கள்.

அடுத்து ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பி.காம். எல்.எல்.பி. என்பது பாதி நிதி, பாதி சட்டம் இல்லை. அது சட்டப் படிப்புதான், கூடவே கணக்குப் பதிவியல், அடக்கவிலைக் கணக்கு, தணிக்கை, வங்கியியல் எல்லாம் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களில் வரும். பங்குச் சந்தை, முதலீட்டு நிறுவனம் என்று கனவு காண்கிறவர்களுக்கு இது சுற்றுவழி. அவர்கள் நல்ல பி.காம். படித்துவிட்டு எம்.பி.ஏ. பக்கமோ சி.ஏ. பக்கமோ போவது நேர்வழி. கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் என்ன எழுத்து இருக்கிறது, யார் கையெழுத்து போட்டிருக்கிறார் என்று தேடுகிற புத்தி இருக்கிறவர்களுக்குத்தான் இந்தச் சேர்க்கை சரி.

என் மருமகளுக்கு அந்தப் புத்தி இருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், வியாபாரியிடம் அண்ணன் வைத்திருக்கும் கணக்கு நோட்டை அவள்தான் எழுதுகிறாள். ஓரம் கிழிந்து, டீசல் வாடை அடிக்கிற நீள நோட்டு. டீசல், ஐஸ், வலை, அட்வான்ஸ் என்று தனித்தனிக் கட்டம். ஒருநாள் அவள் கேட்டாள்: "மூணு லட்சம் அட்வான்ஸ் வாங்கியிருக்கோம், வட்டின்னு எங்கயுமே எழுதல, ஆனா காசு குறைஞ்சுக்கிட்டே இருக்கு, எப்படி அத்தை?" அட்வான்ஸ் வாங்கினால் பிடித்த இறாலை அந்த வியாபாரிக்குத்தான் போட வேண்டும், வெளி விலையைவிடக் குறைத்துத்தான் எடுப்பார். கிலோவுக்கு 20 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நடைக்கு 40 கிலோ, வருடத்துக்கு நூறு நடை. எண்பதாயிரம் ரூபாய். மூன்று லட்சத்துக்கு எண்பதாயிரம் என்றால் ஏறக்குறைய 27 விழுக்காடு வட்டி, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். இதை அவளே போட்டுக் காட்டினாள். அதுவரைக்கும் நிதி. அப்புறம் நான் அண்ணனிடம், "கையெழுத்து எதுல போட்டீங்க?" என்று கேட்டேன். தொகை எழுதாத புரோநோட்டு, தேதி போடாத செக் இரண்டு. அது சட்டம். அந்தச் செக் வங்கியில் திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டவில்லை என்றால் குற்ற வழக்கு. 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. நம் மாவட்ட நீதிமன்றங்களில் என்னிடம் வரும் வழக்குக் கட்டுகளில் இந்த வகைதான் அதிகம். வட்டியைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குச் செக்கின் ஆபத்து தெரியாது, செக் வழக்கை நடத்துகிறவருக்கு அந்த 27 விழுக்காட்டைப் போட்டுக் காட்டத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் நம் கரையில் எத்தனை பேர், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஐந்து வருட ஒருங்கிணைந்த படிப்பை எங்கே படிக்கலாம் என்றால், திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்று. இன்னொன்று சென்னையில், தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி. அங்கே பி.காம். எல்.எல்.பி., பி.பி.ஏ. எல்.எல்.பி. இரண்டும் உண்டு, நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். தஞ்சாவூர் சாஸ்த்ராவிலும் பி.காம். எல்.எல்.பி. இருக்கிறது, அது தனியார். பி.பி.ஏ.வா பி.காமா என்று குழம்பாதீர்கள். வரி, திவால், வங்கிக் கடன் பக்கம் போக நினைத்தால் பி.காம். எடுங்கள், ஐந்தொகையை, அதாவது பேலன்ஸ் ஷீட்டை, தலைகீழாகப் படிக்கத் தெரிந்தாக வேண்டும். நிர்வாகம் பற்றிய பாடங்களை அப்புறமாகக்கூடப் படித்துக்கொள்ளலாம், கணக்கு அப்படி இல்லை.

கிளாட்டைப் பற்றி நம் பிள்ளைகள் பயப்படுகிற அளவுக்கு இல்லை, ஆனால் பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி, தவறான பதிலுக்குக் கால் மதிப்பெண் கழிவு. கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான். ஆனால் எல்லாமே நீண்ட ஆங்கிலப் பத்தி படித்துப் பதில் சொல்கிற மாதிரி வரும், தமிழில் எழுத வழியில்லை. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அறிவு பற்றாமல் போவதில்லை, படிக்கும் வேகம்தான் பற்றாமல் போகிறது. தினமும் ஆங்கிலச் செய்தித்தாளில் தலையங்கப் பக்கத்தை ஒரு வருடம் விடாமல் படித்தால் அந்த வேகம் வரும், ஆறு மாதத்தில் வருமா என்பது பிள்ளையைப் பொறுத்தது. மருமகளிடம் இதைச் சொன்னதும் முகம் கொஞ்சம் சுருங்கியது, பரவாயில்லை, சொல்லாமல் இருக்க முடியாது.

இரண்டாவது வழி நான் போன வழி. ராமநாதபுரம் அரசு மகளிர் கல்லூரியிலோ சேதுபதி அரசுக் கலைக் கல்லூரியிலோ பி.காம்., அப்புறம் மூன்று வருட எல்.எல்.பி. மதுரை அரசு சட்டக் கல்லூரி பழையது. 2017-லிருந்து ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, இது எனக்குக் கிடைக்காத வசதி. மொத்தம் ஆறு வருடம். ஒரு வருடம் அதிகம்தான், ஆனால் அரசுக் கல்லூரிக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும், தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் என்றால் வருடத்துக்கு லட்சக்கணக்கில் போகும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், எல்.எல்.பி.யை அஞ்சல் வழியில் படிக்கவே முடியாது. வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் வாங்கித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வருகைப் பதிவு 70 விழுக்காடு இருந்தாக வேண்டும்.

மூன்றாவது வழி சி.ஏ. படிப்பு. எண்தான் பிடிக்கும், நீதிமன்றம் எல்லாம் வேண்டாம் என்கிற பிள்ளைக்குச் சட்டப் படிப்பே தேவையில்லை, சி.ஏ. போதும். இப்போது ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி இரண்டு வருடம்தான், முன்பு மூன்று. படிப்புச் செலவு கல்லூரியோடு ஒப்பிட்டால் குறைவு. ஆனால் தேர்வில் தேறுவது கல்லூரித் தேர்வு மாதிரி இல்லை, எத்தனை வருடம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல பயிற்சி வேண்டுமென்றால் மதுரை, சென்னை என்று போக வேண்டும். சி.ஏ. முடித்தவர் வருமான வரித் தீர்ப்பாயம் வரைக்கும் கட்சிக்காரருக்காக வாதாடலாம். அதற்கு மேல் உயர் நீதிமன்றம் என்றால் வக்கீல்தான் நிற்க முடியும். சி.ஏ. முடித்துவிட்டு எல்.எல்.பி.யும் படித்தவர்களை மதுரைக் கிளையில் வரி வழக்கு நாட்களில் பார்க்கிறேன். கட்டைக் கையில் எடுக்கிற தோரணையே வேறு மாதிரி இருக்கும். பொறாமை என்று நினைத்தாலும் சரி.

நான்காவது வழியை யாரும் சொல்வதில்லை, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ராமநாதபுரம் அரசு சட்டக் கல்லூரியில் ஐந்து வருட பி.ஏ. எல்.எல்.பி. சேர்ந்துகொண்டு, கூடவே கம்பெனி செக்ரட்டரி படிப்பைப் பக்கத்தில் நடத்துவது. வக்கீல்களுக்கும் சட்டக் கல்விக்கும் விதி வகுக்கிற பார் கவுன்சில், சட்டப் படிப்போடு இன்னொரு படிப்பில் சேர்வதைக் கட்டுப்படுத்துகிறது, ஆனாலும் சட்டம் படிக்கிற பலர் இந்த சி.எஸ். தேர்வை எழுதுகிறார்கள், சேர்வதற்கு முன் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிச் சட்டம், வரிச் சட்டம், பங்குச் சந்தைச் சட்டம், நிதி மேலாண்மை எல்லாம் அதில் வரும். பஸ்ஸில் போய்வந்து, வீட்டுச் சோறு சாப்பிட்டு, கூட்டுப் படிப்பை நாமே கட்டிக்கொள்கிற மாதிரி. சுய ஒழுக்கம் வேண்டும், அது இல்லாத பிள்ளைக்கு இதைச் சொல்லாதீர்கள்.

வெளிநாடு? கீழக்கரையிலும் பனைக்குளத்திலும் மலேசியா, வளைகுடா என்று சொந்தம் இருக்கிற குடும்பங்கள் கேட்பதுண்டு. ஆஸ்திரேலியாவில் வணிகவியலும் சட்டமும் சேர்ந்த இரட்டைப் பட்டம் பரவலாக உண்டு, அநேகமாக ஐந்து வருடம். அங்கேயே தங்கப் போகிறீர்கள் என்றால் நல்லது. திரும்பி வந்து இங்கே வக்கீலாக நிற்க நினைத்தால் அந்தப் பட்டத்தை பார் கவுன்சில் ஏற்க வேண்டும், அதற்கென்று தனித் தகுதித் தேர்வும் எழுத வேண்டும். அவ்வளவு செலவு செய்து அங்கே போய், திரும்பி வந்து செக் வழக்கு நடத்துவதற்கு இங்கேயே படித்துவிடலாம்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை அண்ணன் வலையைப் பொத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், ஊசியும் நூலும் நிற்கவே இல்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அஞ்சு வருசத்துல, மூணாவது வருசம் படகு போச்சுன்னா?"

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. படகு இலங்கைக் கடற்படை கையில் சிக்கினால் ஆள் திரும்பி வருவார், படகு வருமா என்று சொல்ல முடியாது. வழக்கு அங்கே மன்னாரிலோ ஊர்காவற்றுறையிலோ நடக்கும், உரிமையாளர் ஆவணங்களோடு நேரில் போய் நிற்க வேண்டும், வங்கியில் வாங்கிய கடன் அதுபாட்டுக்கு ஓடும். அப்படி ஒரு வருடத்தில் பிள்ளையின் படிப்புச் செலவு எங்கிருந்து வரும்?

அண்ணனுக்கு நான் சொன்ன பதில்தான் என் கணக்கில் இந்த முழு ஒப்பீட்டின் முடிச்சு. பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள்படி ஐந்து வருடப் படிப்பில் நடுவில் நுழையவும் முடியாது, நடுவில் வெளியேறவும் முடியாது. மூன்று வருடம் முடித்தேன், பி.காம். சான்றிதழை மட்டும் கொடுங்கள் என்று கேட்டால் தர மாட்டார்கள். நாலரை வருடம் படித்துவிட்டு நின்றாலும் கையில் இருப்பது பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்தான். மூன்றும் மூன்றுமாகப் படித்தால் மூன்றாவது வருட முடிவில் கையில் ஒரு பட்டம் இருக்கும். அதை வைத்து வங்கித் தேர்வு எழுதலாம், குரூப் தேர்வு எழுதலாம், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதலாம், இரண்டு வருடம் கழித்துக்கூட எல்.எல்.பி.க்குத் திரும்பலாம். நான் அப்படித்தான் செய்தேன், பி.காம். முடித்ததும் ஒன்றரை வருடம் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் பில் போட்டேன், அந்தச் சம்பளத்தில்தான் மதுரை விடுதிக்கு முன்பணம் கட்டினேன். ஐந்து வருடப் படிப்பில் மிச்சமாகிற ஒரு வருடத்துக்கு விலை, இடையில் இறங்கத் துறை இல்லாத பயணம். நிலையான சம்பளம் இருக்கிற வீட்டில் இது ஒரு விஷயமே இல்லை. கடலை நம்பி இருக்கிற வீட்டில் இதுதான் விஷயம்.

கல்விக் கடன் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். நான்கு லட்சம் வரைக்கும் ஈடு கேட்கக் கூடாது, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரைக்கும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி சேர்ந்துகொண்டேதான் இருக்கும், அதைப் பல பெற்றோர் கவனிப்பதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குச் சட்டப் படிப்பிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, 2021-ஆம் ஆண்டுச் சட்டம். அப்படிச் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கடன் மனுவை எழுதுவதற்கு முன் இதைப் பாருங்கள். என் மருமகள் ஒன்பதாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்தவள், அவளுக்கு இது கிடையாது. அண்ணிக்கு அதில் இன்னும் வருத்தம்.

படித்து முடித்த பிறகு என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஐந்தோ ஆறோ வருடத்தோடு செலவு நிற்பதில்லை. பார் கவுன்சிலில் பதிவுக் கட்டணம் முன்பு பல்லாயிரம் வாங்கினார்கள், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்று தீர்ப்பு சொன்னது, நல்ல காலம். அப்புறம் அகில இந்திய பார் தேர்வு, தமிழிலேயே எழுதலாம். அப்புறம்தான் ஜூனியர் வாழ்க்கை. ஜூனியருக்கு மாதம் பெரிய நகரங்களில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நான் ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு சீனியரிடம் முதல் எட்டு மாதம் பஸ் காசு மட்டும்தான் கிடைத்தது, தீபாவளிக்கு ஒரு புடவை. பட்டம் வாங்கியதும் நீதிபதித் தேர்வு எழுதலாம் என்ற நினைப்பும் இனி வேண்டாம், சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. ஆக, படிப்போடு இன்னும் மூன்று வருடம் கூட்டிக் கணக்குப் போடுங்கள். மாதச் சம்பளம் சீக்கிரம் வேண்டும் என்றால் பொதுத்துறை வங்கிகளின் சட்ட அலுவலர் பணி நல்ல இடம், ஐ.பி.பி.எஸ். தேர்வு, வக்கீலாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பணிக்கு எல்.எல்.பி. மூன்று வருடமா ஐந்து வருடமா என்று வித்தியாசம் பார்ப்பதில்லை. சென்னையின் பெரிய சட்ட நிறுவனங்கள், கம்பெனித் தீர்ப்பாயத்தில் திவால் வழக்கு நடத்துகிற அலுவலகங்கள் இங்கெல்லாம் மட்டும் எந்தக் கல்லூரி என்று பார்ப்பார்கள், திருச்சி தேசியப் பல்கலைக்கழகப் பெயர் அங்கே பேசும்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. திருச்சியோ சென்னை சீர்மிகு சட்டப் பள்ளியோ கிடைத்தால், வீட்டில் ஐந்து வருடத்துக்கான பணத்துக்குப் படகைச் சாராத ஒரு வழியும் இருந்தால், யோசிக்காமல் ஐந்து வருடம். அவை கிடைக்காமல், பெரிய தொகை வாங்குகிற தனியார் கல்லூரியில்தான் அதே பட்டம் என்றால் வேண்டாம், இங்கேயே பி.காம்., அப்புறம் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ எல்.எல்.பி. மிச்சமாகிற லட்சங்களை ஜூனியராக இருக்கப்போகிற அந்த மூன்று வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அப்போதுதான் அது உண்மையிலேயே தேவைப்படும்.

மருமகள் டிசம்பரில் கிளாட் எழுதுவது, கிடைக்கவில்லை என்றால் சென்னைக்கும் ராமநாதபுரத்துக்கும் சேர்த்து விண்ணப்பிப்பது என்று பேசி முடித்தோம். சென்னை கிடைத்தால் விடுதிச் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன், அண்ணன் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிளாட் விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்கில் ஏறிய அன்றைக்கே அண்ணி அதில் பாதியை எடுத்து, ரப்பர் பேண்ட் போட்டு, அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டார்.